குழந்தைக்குத் தனி உலை எதற்கு?

பெங்களூரில் கைக்குழந்தை இருக்கும் தமிழ் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு சமையல் நடக்கிறது. ஒன்று வீட்டாருக்கு. இன்னொன்று குழந்தைக்கு: சின்ன குக்கரில் குழைய வேகவிட்ட சாதமும் பருப்பும், கட்டி தட்டாமல் மிக்ஸியில் ஓட்டியது, இல்லாவிட்டால் டப்பாவிலிருந்து அளந்து எடுத்த மாவு, வெந்நீரில் கரைத்தது. ஆறாம் மாதத்தில் இது சரி. ஆனால் பத்தாம் மாதத்திலும் இதுவேதான். முதல் பிறந்தநாள் முடிந்த பிறகும் இதுவேதான். ஒன்றரை வயதுக் குழந்தை மடியில் சாய்ந்துகொண்டு, கண்ணைக் கைப்பேசியில் வைத்தபடி, அரைத்த கூழை விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஏன் என்று கேட்டால் அல்சூர் ஓட்டு வீட்டிலும் ஒயிட்ஃபீல்டு அடுக்ககத்திலும் ஒரே பதில் வருகிறது: “நம்ம சாப்பாடு அதுக்கு ஒத்துக்காது.”

இது அக்கறையில் பிறந்த நம்பிக்கை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் இது தவறு. குழந்தைக்குக் கெடுதல் செய்கிற தவறு. உலக சுகாதார நிறுவனமும் அதன் அமெரிக்கக் கண்டப் பிரிவும் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் படிப்படியாகச் சொல்கின்றன: ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு மசித்த உணவு, எட்டு மாத வாக்கில் குழந்தையே கையில் எடுத்துத் தின்னக்கூடிய உணவு, பன்னிரண்டு மாதத்தில் வீட்டார் சாப்பிடும் அதே வகை உணவு. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியும் ஆறு மாதத்துக்குப் பின் வீட்டில் சமைத்ததையே கொடுக்கச் சொல்கிறது. ஆக, குழந்தைக்கென்று வைக்கும் தனி உலைக்கு மிஞ்சிப்போனால் ஆறு மாத வேலைதான். அதை நாம் இரண்டு வருஷம் எரியவிடுகிறோம்.

முதல் வாதம் எப்போதும் பல்லைப் பற்றியது. “பல்லே வரல, அதுக்குள்ள இட்லியாம்மா?” என்று மாமியார் கேட்கும்போது மருமகளால் பதில் சொல்ல முடிவதில்லை. பதில் இருக்கிறது. முதலில் முளைக்கும் முன்பற்கள் கடிப்பதற்கு. அரைப்பது கடைவாய்ப்பல்லின் வேலை. முதல் கடைவாய்ப்பல் பதின்மூன்று மாதத்துக்கும் பத்தொன்பது மாதத்துக்கும் இடையில்தான் எட்டிப் பார்க்கும். பல்லுக்காகக் காத்திருப்பது என்றால் அதுவரை காத்திருக்க வேண்டும். அதற்குள் கற்றுக்கொள்ள வேண்டிய காலம் போய்விடும். ஈறு லேசுப்பட்டதில்லை. எட்டு மாதக் குழந்தையின் வாயில் விரலை விட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் அழுத்தம் தெரியும்.

ஆறின இட்லியை விரல் நீளத்துக்குக் கிள்ளி அந்தக் குழந்தையின் கையில் கொடுத்துக் கவனியுங்கள். முதலில் பிசையும். பாதி தரையில் உதிரும். மிச்சத்தை உள்ளங்கையோடு வாய்க்குள் அழுத்தும். நுனியை ஈறால் நசுக்கும். நாக்கு அதை முன்னும் பின்னும் தள்ளும். பெரும்பகுதி தாடையில் வழிந்து வெளியே வந்துவிடும். “துப்புது, பிடிக்கல” என்று நாம் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். விடாமல் கொடுத்துவந்தால் சில நாளில் நாக்கு அந்தத் துண்டை ஒரு பக்கமாக ஒதுக்கி ஈறின் மேல் கொண்டுபோய் வைக்கும். மெல்லுவது அந்தப் பக்கவாட்டு அசைவில்தான் தொடங்குகிறது. அரைத்த கூழுக்கு அந்த அசைவு தேவையே இல்லை. உறிஞ்சி விழுங்கினால் போதும், பால் குடிப்பது போலவே. மிக்ஸியில் ஓட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு மாதமும் நாக்கு பழைய வேலையையே செய்துகொண்டிருக்கிறது.

இதன் விலை என்னவென்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் 1990-களின் தொடக்கத்தில் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. பத்து மாதத்துக்குப் பிறகே கட்டியுள்ள உணவைச் சந்தித்த குழந்தைகள், அதற்கு முன் சந்தித்தவர்களைவிட, பதினைந்தாம் மாதத்தில் சாப்பிடவைக்கக் கூடுதல் பாடுபடுத்தினார்கள் என்று 2001-இல் வந்த கட்டுரை காட்டியது. அதே குழந்தைகளை ஏழு வயதில் பார்த்த 2009-ஆம் ஆண்டுக் கட்டுரையில், ஒன்பது மாதத்துக்கு மேல் தாமதித்தவர்கள் காய்கறியும் பழமும் குறைவாகத் தின்றார்கள். பெற்றோர் சொன்ன சாப்பாட்டுத் தகராறுகளும் அவர்களிடம் அதிகம். ஒரு ஆய்வை வைத்து எல்லாக் குழந்தைக்கும் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் “சாதத்துல ஒரு பருக்கை முழுசா இருந்தா வாந்தி எடுக்கறான்” என்று இரண்டு வயதுப் பிள்ளையைப் பற்றிப் புலம்பும் அம்மாக்களை நம் ஊரில் தேடிப் போக வேண்டியதில்லை. அந்தப் பிள்ளையிடம் கோளாறு எதுவும் இல்லாமலிருக்கலாம். பருக்கையை அதற்குப் பழக்கியவர் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்தது தொண்டையில் சிக்கிவிடும் என்ற பயம். இதை நான் மதிக்கிறேன், ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் இரண்டு வேறு விஷயங்களை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஓங்கரிப்பு வேறு, அடைப்பு வேறு. ஆறேழு மாதக் குழந்தைக்கு ஓங்கரிப்பைத் தூண்டும் இடம் நாக்கில் முன்னாலேயே இருக்கிறது. பழகப் பழகப் பின்னால் நகரும். குழந்தை முகம் சிவந்து, இருமி, சத்தத்தோடு துண்டை முன்னே தள்ளினால் அது தன்னைத் தானே காத்துக்கொள்கிறது என்று பொருள். அடைப்பில் சத்தம் வராது, அழுகை வராது, நிறம் மாறும். நியூசிலாந்தில் சுமார் இருநூறு குடும்பங்களை இரண்டாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. பாதுகாப்பு முறைகளைச் சொல்லிக்கொடுத்து, தானே எடுத்துத் தின்னவிட்ட குழந்தைகளுக்கும், வழக்கம்போல் கரண்டியால் ஊட்டப்பட்ட குழந்தைகளுக்கும் அடைப்பு நேர்ந்ததில் வித்தியாசம் தெரியவில்லை.

ஆபத்து எந்த உருவத்தில் வருகிறது என்பதுதான் கேள்வி. முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, பாப்கார்ன், பொட்டுக்கடலை, பச்சைக் கேரட் துண்டு ஆகியவற்றைச் சின்னக் குழந்தை கைக்கெட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. நிலக்கடலையைப் பொடித்துச் சாதத்தில் கலக்கலாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கலாம். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றை நாம் வழக்கம் என்ற பெயரில் செய்துகொண்டிருக்கிறோம். காலை நீட்டி, குழந்தையை மல்லாத்தி, அது கத்தக் கத்த வாயில் கூழை ஊற்றுகிறோம். அழுகிற குழந்தை மூச்சை உள்ளே இழுக்கும். கூழும் கூடவே போகும். புரை ஏறுவது அப்படித்தான். இட்லித் துண்டுக்குப் பயப்படுகிற வீட்டில் இதற்கு யாரும் பயப்படுவதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்த குழந்தை, எதிரே கண் எடுக்காமல் ஒரு பெரியவர்: முக்கால்வாசிப் பாதுகாப்பு இதில் அடங்கிவிடுகிறது.

மூன்றாவது, மாந்தம். சாம்பார் கொடுத்தால் மாந்தம், கத்தரிக்காய் கொடுத்தால் மாந்தம், மொச்சை கொடுத்தால் கேட்கவே வேண்டாம். இந்தச் சாப்பாடு குழந்தைக்கு அந்நியம் என்ற எண்ணம்தான் இதன் அடியில் இருக்கிறது. உண்மையில் அப்படியில்லை. அம்மா சாப்பிடும் உணவின் மணம் பனிக்குட நீரிலும் தாய்ப்பாலிலும் இறங்குகிறது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஜூலி மென்னெல்லா குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பால் கொடுக்கும் காலத்திலோ கேரட் சாறு குடித்த தாய்மார்களின் குழந்தைகள், பிறகு கேரட் கலந்த கூழைக் கொடுத்தபோது முகம் சுளிப்பது குறைவாக இருந்தது. பெருங்காயமும் சீரகமும் பூண்டும் கறிவேப்பிலையும் தாளிக்கும் வீட்டில் வளர்ந்த குழந்தைக்கு அவை தெரிந்த மணங்களே. மிளகாய்க் காரத்தை மட்டும் குறைக்க வேண்டும். தேனை ஒரு வயதுவரை தொடக் கூடாது. அதிலிருக்கக்கூடிய கிருமி கைக்குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும். காய்கள் எல்லாம் நன்றாக வெந்திருந்தால் போதும்.

எதிர்த்தரப்பின் நான்காவது வாதத்தில் நியாயம் இருக்கிறது. “நம்ம சாப்பாட்டுல உப்பு அதிகம்.” ஆம், அதிகம். முதல் வருஷம் குழந்தையின் உணவில் உப்போ சர்க்கரையோ சேர்க்க வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதன் சிறுநீரகம் நம் அளவு உப்பைச் சமாளிக்கும் நிலையில் இல்லை. ஆனால் இதற்காக வேறு உலை வைக்க வேண்டியதில்லை. ஒரே உலையில் நேரம் பார்த்து எடுத்தால் போதும். துவரம்பருப்பு மஞ்சளோடு மலர வெந்து, பூசணியும் கேரட்டும் அதில் வெந்து முடிந்த தறுவாயில், உப்பும் புளியும் மிளகாய்ப்பொடியும் விழும் முன்னே, இரண்டு கரண்டி எடுத்து வைத்துவிடுங்கள். அதில் நெய் விட்டு, சாதத்தோடு முள்கரண்டியால் மசித்தால் குழந்தைக்கு மதியச் சாப்பாடு ஆயிற்று. பொரியலிலும் அப்படியே, கீரைக் கடைசலிலும் அப்படியே. இட்லி மாவில் மட்டும் இது நடக்காது. உப்புப் போட்டுத்தான் பல வீடுகளில் புளிக்கவைக்கிறோம். அங்கே மொத்த மாவுக்கும் உப்பைக் குறைக்க வேண்டும்.

குறைத்தால் நமக்கும் நல்லது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்பளமும் ஊறுகாயும் மிக்சரும் உள்ள வீடு அதைத் தாண்டாமல் இருக்காது. “நம் சாப்பாடு குழந்தைக்கு ஆகாது” என்று சொல்லிவிட்டு அதையே நாம் நாற்பது வருஷம் சாப்பிடுகிறோம் என்றால், திருத்த வேண்டியது எதை? என் வாதத்தின் மையம் இதுதான். குழந்தை தட்டுக்கு வரும் ஆறு மாதம், வீட்டுச் சமையலைத் திருத்திக்கொள்ள நமக்குக் கிடைக்கிற நல்ல தருணம். குழந்தையைத் தனி உலைக்கு ஒதுக்கிவிட்டு அந்தத் தருணத்தை இழக்கிறோம்.

“நம்ம சாப்பாடு” என்று நான் சொல்வது ரசம் சோற்றை அல்ல. அதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கூழை விட்ட பல வீடுகள் நேரே ரசம் சோற்றுக்கோ பருப்புத் தண்ணிக்கோ போய்விடுகின்றன. குழந்தையின் வயிறு சிறியது. தாய்ப்பாலுக்கு மேல் ஆறிலிருந்து எட்டு மாதத்தில் நாளுக்குச் சுமார் 200 கலோரி, ஒன்பதிலிருந்து பதினொன்றில் 300, ஒரு வயதுக்கு மேல் 550 கலோரி உணவிலிருந்து கிடைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்தச் சிறிய வயிற்றைத் தெளிந்த பருப்புத் தண்ணியால் நிரப்பினால் வயிறு நிறையும், குழந்தை வளராது. மேலே தெளிந்ததை வடித்துக் குழந்தைக்கும், அடியில் தங்கிய பருப்பைப் பெரியவர்களுக்கும் கொடுக்கும் வழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டும்.

பெங்களூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வாய்ப்பு கையருகே இருக்கிறது: ராகி. கன்னட வீடுகளில் குழந்தைக்கு ‘ராகி சரி’ என்ற கஞ்சி, பெரியவர்களுக்கு ‘ராகி முத்தே’ என்ற களி. இரண்டும் ஒரே தானியம். 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. அரிசியில் அதில் ஒரு சிறு பங்குதான். ராகியை முளைகட்டிக் காயவைத்து மாவாக்கும் பாட்டிகளின் முறைக்கு அறிவியல் காரணமும் உண்டு. முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் கஞ்சி இறுகாது. அதே நீர்மையில் கூடுதல் மாவைச் சேர்க்கலாம், ஒவ்வொரு வாயிலும் கூடுதல் சத்து போகும். மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் மல்லேஷியும் தேசிகாச்சாரும் 1980-களில் முளைகட்டிய ராகியையும் பச்சைப்பயறையும் வைத்துக் குழந்தை உணவு உருவாக்கியது இந்த அடிப்படையில்தான். ஏழாம் மாதத்தில் ராகி சரி சாப்பிட்ட குழந்தை பதினோராம் மாதத்தில் முத்தேக்கு வரலாம். ஆனால் பெரியவர்கள் அதை மெல்லாமல் விழுங்குவார்கள், அது ஒட்டும். எனவே பருப்புச் சாற்றில் நன்றாகத் தளர்த்தி, சுண்டுவிரல் நகமளவு கிள்ளிக் கொடுக்க வேண்டும்.

மார்கழி, தை வந்தால் ஊர் முழுக்க அவரைக்காய் மணம். வி.வி.புரத்தில் தொடங்கிய அவரேபேளே மேளா பெயர்பெற்றது. ஊறவைத்த அவரையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தினால் தோல் கையில் தங்கும், பருப்பு வழுக்கி வெளியே வரும். பிதுக்கம்பருப்பு. தொண்டையில் ஒட்டக்கூடிய தோல் போய்விட்டது. வேகவைத்தால் விரலால் நசுங்கும். பத்து மாதக் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான பருவ உணவு இந்த ஊரில் எது? ஆனால் வீடே உட்கார்ந்து பிதுக்கிய அந்தப் பருப்பு குழந்தையின் கிண்ணத்துக்கு மட்டும் வருவதில்லை. அதற்கு அன்றைக்கும் டப்பா மாவுதான்.

டப்பாவைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். அதற்கு ஆதரவாக வலுவான வாதம் ஒன்று உண்டு: இரும்புச்சத்து. பிறக்கும்போது கொண்டுவந்த இரும்பு இருப்பு ஆறு மாத வாக்கில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இந்தியாவில் 67 சதவீதம், கர்நாடகத்தில் 65 சதவீதத்துக்கு மேல், தமிழ்நாட்டில் 57 சதவீதம் இரத்தசோகை உள்ளவர்கள். இரும்பு சேர்த்த மாவு இதற்கு உதவும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: ஆறு முதல் 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு கிடைத்தவர்கள் நூற்றுக்கு 11 பேர்தான். பலவகை உணவு கிடைக்காத குழந்தைக்கு ஒரே ருசி, ஒரே பதம், ஒரே டப்பாவை விடையாக எப்படி ஏற்பது? முட்டையும் மீனும் கோழி ஈரலும் சாப்பிடும் வீட்டில் அவை ஏழெட்டு மாதத்திலேயே குழந்தைக்கும் வரட்டும். ஈரல் மட்டும் எப்போதாவது, சிறிதளவு. சைவ வீட்டில் பயறு, கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேரட்டும். வைட்டமின் சி இரும்பை உடம்பில் ஏற்றும். இரும்புச் சொட்டு மருந்து வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு வெளியிட்ட அறிக்கையையும் மறக்க வேண்டாம். இந்தியாவில் விற்ற, அவர்கள் சோதித்த செரிலாக் வகைகளில் ஒரு வேளைக்குச் சராசரியாக 3 கிராம் அளவில் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்தது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அதைத் தயாரிக்கும் நெஸ்லே நிறுவனம் அவ்வகை உணவைச் சர்க்கரை சேர்க்காமல் விற்றது. இந்திய விதிகளுக்கு உட்பட்டே விற்கிறோம், சர்க்கரையைக் குறைத்து வருகிறோம் என்றது நெஸ்லே. அதே வருஷம் அக்டோபரில் சர்க்கரை சேர்க்காத வகைகளையும் அறிவித்தது. சர்க்கரை போய்விட்டாலும் என் மறுப்பு மாறாது. 6 மாதம், 8 மாதம், 10 மாதம், 12 மாதம் என்று அட்டையில் படிநிலை அச்சிட்டு வருகிறது மாவு. குழந்தையின் வளர்ச்சி கடையிலிருந்து வரும் அடுத்த டப்பாவில் இருக்கிறது என்ற எண்ணத்தை அது அம்மாவின் மனத்தில் ஊன்றுகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவை விளம்பரம் செய்யவே கூடாது என்கிறது 2003-இல் திருத்தப்பட்ட 1992-ஆம் ஆண்டுச் சட்டம். அப்படி ஒரு சட்டம் இருப்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

இத்தனைக்குப் பிறகும் பெங்களூர் அம்மா ஒருத்தி என்னைப் பார்த்து, “எனக்கு நேரமில்லைங்க” என்று சொன்னால், அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி 26 வாரச் சம்பள விடுப்பு கொண்டுவந்தார்கள். அதில் பிரசவத்துக்கு முன் எடுத்த வாரங்களைக் கழித்தால் குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும் முன்பே விடுப்பு தீர்ந்துவிடும். முதல் வாய்ச் சோறு ஊட்ட வேண்டிய வாரத்தில் அவள் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸிலோ பொம்மனஹள்ளி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையிலோ இருக்கிறாள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் அதே திருத்தம் சொன்னது. காப்பகம் பக்கத்தில் இருந்தால் மதியச் சாப்பாட்டை அவளே ஊட்டலாம். அது இல்லாதவளிடம் நான் கேட்பது குறைவான வேலையைத்தான். தனிக் குக்கர், தனி மிக்ஸி ஜார், தனி டப்பா, கொதிக்கவைத்த தனிக் கரண்டி என்ற இரண்டாவது சமையலைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். அவள் குழந்தையை ஒப்படைத்துப் போகும் பாட்டியோ ஆயாவோ மதியம் தான் சாப்பிடும்போது அதையும் பக்கத்தில் உட்காரவைத்து, அதே சட்டியிலிருந்து எடுத்துவைத்ததை அதன் தட்டில் போட்டால் போதும். அப்பாவும் அதே வீட்டில்தான் இருக்கிறார். குழந்தையோடு உட்கார்ந்து அது தின்னும்வரை பொறுத்திருக்க அவருக்கும் முடியும்.

ஏற்கெனவே ஒரு வயது தாண்டி, கூழைத் தவிர எதையும் தொடாத குழந்தை இருக்கும் வீட்டுக்கு: கூழை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். முதலில் மிக்ஸியை விட்டுக் கரண்டியால் மசியுங்கள். ஒரு வாரம் போகட்டும். பிறகு மசித்ததில் பருக்கை தெரியட்டும். கூடவே ஒவ்வொரு வேளையும் வீட்டார் தின்னும் ஒன்றை, அவித்த உருளைக்கிழங்கோ பூவன்பழமோ சப்பாத்தியின் மெத்தென்ற நடுப்பகுதியோ, தட்டின் ஓரத்தில் வையுங்கள், தின்னச் சொல்லாதீர்கள். ஒரு புது உணவைக் குழந்தை ஏற்க எட்டு, பத்து முறை, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். மூன்று முறை துப்பியதும் கைவிடுவதுதான் நம் வழக்கம். கைப்பேசியைச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துவிடுங்கள். முதல் சில நாள் குறைவாகத்தான் தின்னும், அழும். பத்துப் பதினோரு மாதமாகியும் எந்தக் கட்டியையும் வாயில் வைக்கவே விடாத குழந்தை, தண்ணீர் குடித்தாலும் இருமுகிற குழந்தை, எடை ஏறாத குழந்தை என்றால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். விழுங்கும் பயிற்சி தருகிறவர்கள் இந்த நகரின் பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறார்கள்.